டிஸ்சார்ஜ் சீட்டுக்கு அப்புறம் வரும் இரண்டு வருஷம்

தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிலும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களின் காகிதங்களோடுதான் என் பொழுது. போன வாரம் ஒரு அம்மா வந்தார். இடுப்பில் ஆறு வயது இருக்கும் பெண் குழந்தை, தோளில் ஃபைல் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மஞ்சள் பை. இடுப்பில் தூக்கும் வயது தாண்டிய பிள்ளை என்பதால் கால்கள் அம்மாவின் முழங்கால் வரை தொங்கின, பாதம் இரண்டும் குதிகால் மேலேறி விரல் தரையைப் பார்த்தபடி விறைத்திருந்தன. அந்தப் பாதத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நாலு வருஷம் பார்த்த பாதம் அது.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து எத்தன மாசம் ஆச்சுக்கா?" என்று கேட்டேன். எட்டு மாசம் என்றார். பிசியோவுக்குப் போறீங்களா என்றதற்கு, "எண்ணெ தேய்ச்சி விடுதேன் தாயி, அது போதாதா?" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

2019 அக்டோபர் கடைசியில் என் தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருந்தது, நாலாம் நாள் விடியக்காலையில் வலிப்பு வந்து கண் மேலே சொருகிவிட்டது. 108 வந்தது, பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மொத்தம் 41 நாள், அதில் 17 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவில் கிடந்தான். அப்பா கொத்தனார், அம்மா பீடி சுற்றுகிறவர். அந்த 41 நாளுக்கு மருத்துவச் செலவு என்று எங்கள் கையிலிருந்து போனது மிகக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. 2009-இல் தொடங்கி, 2012-இல் பெயர் மாறி, இன்றைக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்று வளர்ந்திருக்கும் அந்தத் திட்டம் இல்லாவிட்டால் தம்பி இல்லை, அல்லது வீடு இல்லை. "வீட்ட விக்காம புள்ளயத் திருப்பிக் கொண்டாந்துட்டோம்" என்று அப்பா இன்றும் யாரிடமாவது சொல்லுவார். குறை சொல்வதற்கு முன் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும். அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கணக்கில் தம்பியின் நோய் 41-ஆம் நாள் முடிந்துவிட்டது. எங்களுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. உட்காரவில்லை. மூக்கில் சாப்பாட்டுக் குழாய். டிஸ்சார்ஜ் அன்று காலையில், வார்டே பரபரப்பாக இருக்கும் நேரத்தில், ஒரு நர்ஸ் அக்கா அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் அந்தக் குழாயைச் சொல்லிக்கொடுத்தார்: முதலில் தண்ணீர் விடு, தலையை உயர்த்தி வை, கஞ்சியை மெதுவாக விடு, முடிந்ததும் மறுபடி தண்ணீர். நல்லவர், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை, அவருக்கு அன்று இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அப்புறம் மூன்று பக்க டிஸ்சார்ஜ் சீட்டு, முழுக்க ஆங்கிலத்தில். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, 'பிசியோதெரபியைத் தொடரவும்'. எங்கே, யாரிடம், வாரம் எத்தனை நாள், எத்தனை மாதம், பஸ்ஸுக்கு என்ன செய்வது, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரி எங்கள் வீட்டின் அடுத்த இரண்டு வருஷத்தைத் தின்றது.

இடையில் நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆஸ்பத்திரி எதிர் டீக்கடை டி.வி.யில் அப்பா அதைப் பார்த்தாராம். எல்லாருக்கும் சந்தோஷம், எங்களுக்கும்தான். ஆனால் தம்பிக்கு ஊனச் சான்றுக்காக அலைந்தபோது பழைய மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் உங்கள் ஊர் இனி புது மாவட்டம் என்றார்கள், புது மாவட்டத்தில் இன்னும் எல்லாம் வந்து சேரவில்லை என்றார்கள். ஒவ்வொரு அலைச்சலும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி. சான்று தருகிற இடத்தில் இன்னொன்றும் சொன்னார்கள், பிள்ளை இன்னும் தேறக்கூடும், நிலைமை நிலைக்கட்டும், ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்று. மருத்துவமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கிறது, சான்று இல்லாமல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் உதவித்தொகை இல்லை. ஆக, பிள்ளை தேறக்கூடிய மாதங்களில் உதவி கிடையாது, தேறாமல் நின்றுபோன பிறகு உதவி வரும் என்று ஆகிவிடுகிறது. தற்காலிகச் சான்று கொடுக்கலாம் என்பதே எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். அன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

வாரம் மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போனோம். இரண்டு பஸ், ஒரு ஆட்டோ. 24 கிலோ பிள்ளையை, கழுத்து நிற்காத பிள்ளையை, கூட்டமான பஸ்ஸில் ஒருத்தர் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும், அந்த மூன்று நாளும் வீட்டில் வருமானம் இல்லை. சிகிச்சை முக்கால் மணி நேரம், பயணம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். பதினோரு வாரம் அப்படியும் போனார்கள். தம்பி தலையை நிறுத்தினான், குழாய் போய் ஸ்பூனில் கஞ்சி விழுங்கினான், ஒரு நாள் ஆச்சி முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, பிசியோ இல்லை, அப்பாவுக்கு வேலையும் இல்லை.

மூளையில் அடிபட்ட பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்று பின்னால் ஒரு டாக்டர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். பிழைத்த பகுதிகள் புதிதாகப் பாதை போடும் காலம் அது, அந்த நேரத்தில் கையையும் காலையும் வாயையும் எவ்வளவு பழக்குகிறோமோ அவ்வளவு பிடித்துக்கொள்ளும். பழக்காவிட்டால் இன்னொன்று நடக்கும், தசை இறுகும், கெண்டைக்கால் தசைநார் சுருங்கிக் குதிகாலை மேலே இழுத்துக்கொள்ளும். தம்பிக்கு அதுதான் நடந்தது. பஸ் ஓடத் தொடங்கிப் போய்ப் பார்த்தபோது பாதம் கல் மாதிரி இருந்தது. அதை இறக்கப் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டார்கள், வளரும் பிள்ளை என்பதால் வருஷத்துக்கு ஒரு முறையாவது புதிது செய்ய வேண்டியிருந்தது, அப்புறம் ஒரு அறுவை சிகிச்சையும் ஆயிற்று. கேளுங்கள், அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கிடைத்தது. அறுவை சிகிச்சையே வேண்டாமல் செய்திருக்கக்கூடிய பிசியோவுக்கு எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. ஆயுஷ்மான் பாரத் ஆனாலும் நம் மாநிலத் திட்டம் ஆனாலும் படுக்கையில் அட்மிட் ஆகி எடுக்கும் சிகிச்சையை மையமாக வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வாரம் மூன்று நாள், இரண்டு வருஷம், படுக்கையே இல்லாமல் நடக்கும் சிகிச்சை அந்த அளவுகோலில் அகப்படுவதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை மாதிரி ஒருத்தர் இப்படிப்பட்ட எல்லா வீட்டிலும் இருப்பார், யாரும் கேட்பதில்லை. எனக்கு அப்போது 15 வயது, பத்தாம் வகுப்பு. 41 நாளும் நானும் ஆச்சியும் மட்டும் வீட்டில். அம்மா பெயரில் பீடிக் கடையில் ஓடும் கணக்கு நின்றுபோனால் மறுபடி இலை, தூள் தருவார்களோ மாட்டார்களோ, பி.எஃப். என்னாகுமோ என்று பயம். அதனால் நான் சுற்றினேன். ராத்திரி இலையை நனைத்து வைத்து, விடியக்காலையில் தகடு வைத்து அளவாக வெட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்து சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆச்சிக்குக் கண் தெரியாது என்பதால் நூல் கட்டுவதும் நானே. கணக்குப் புத்தகத்தைத் திறந்து எதிரே வைத்துக்கொண்டுதான் சுற்றுவேன், ஒரு பக்கம்கூட நகராது. அந்த வருஷம் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். ஊர் முழுக்கப் பிள்ளைகள் துள்ளின. நான் பின்வாசலில் உட்கார்ந்து அழுதேன், தேர்வு நடந்திருந்தால் நான் எழுதிக் கிழித்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் தம்பிமேல் கோபம் வந்ததும் உண்டு. நினைவு தெரியாமல் கிடக்கும் பிள்ளைமேல் கோபப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுததும் உண்டு. ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் அம்மாவிடம் 'வீட்டில் வேறு பிள்ளை இருக்கிறதா, அது எப்படி இருக்கிறது' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக ஒரு மனுஷர். செயலி வேண்டாம், இன்னொரு இணையதளமும் வேண்டாம், அதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டுதான் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மூளைக்காய்ச்சலோ தலைக்காயமோ புற்றுநோயோ, நீண்ட நாள் சிகிச்சையோடு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகிறது என்றால் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இங்கே இந்தக் கிழமை பிசியோ இருக்கிறது, இந்தச் சான்றுக்கு இங்கே போங்கள், பள்ளிக்கூடத்தில் இதைக் கேளுங்கள் என்று சொல்லி, தன் போன் நம்பரைக் கொடுத்து, அடுத்த வாரம் தானே கூப்பிட்டு விசாரிக்கும் ஒரு ஆள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று பதவி இருக்கிறது. அந்த வேலையைக் குழந்தைகள் வார்டிலிருந்து வீட்டு வாசல் வரை நீட்டுங்கள். காசநோய்க்கு ஆள் வீடு தேடி வந்து மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிற நாட்டில் இது முடியாத காரியம் இல்லை.

இருக்கிற சேவையே தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய வேதனை. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இலிருந்து இருக்கிறது, அதன்கீழ் பிள்ளைகளின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தர மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஏற்பாடு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், இயன்முறை சிகிச்சை நாட்கள் உண்டு, படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது, 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து, வளர்ச்சி தாமதமான பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பெயர் எங்களுக்குத் தெரியும்தான், ஆனால் அது கம்பு ஊன்றி நடப்பவர்களுக்கான இடம், நம் பிள்ளைக்கு என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்தோம். நாங்கள் திருநெல்வேலி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பதினோரு வாரத்தில் இதையெல்லாம் சொல்ல ஒரு வாய் இல்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. 1966-இல் அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே நோயாளியோடு வீட்டு ஆளும் தங்குகிறார், எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது என்று அவரும் கூடவே கற்றுக்கொண்டு போகிறார். எங்கள் அம்மாவுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. இரண்டு வாரம் கிடைத்திருந்தால், அதுவும் மருத்துவக் கல்லூரியிலேயே ஒரு அறையில் கிடைத்திருந்தால், ஊரடங்கிலும் அந்தப் பாதத்தை அம்மாவே காப்பாற்றியிருப்பார். அவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற கை, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கூலி. இதைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு 730 நாள் வரை உண்டு, பிள்ளைக்கு நோய் என்றால் எடுத்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும் தொழிலாளிக்குத் தனக்கே நோய் வந்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அவருடைய பிள்ளைக்கு நோய் வந்தால் வைத்தியம் உண்டு, பக்கத்தில் இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்தத் தொகை இல்லை. கொத்தனாருக்கும் பீடித் தொழிலாளிக்கும் எதுவுமே இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளையின் படிப்புக்கு உதவி உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. பிள்ளை ஆறு மாசம் படுத்துவிட்டால் என்ன என்பதையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

இந்த அரசுக்கு இது புதிய எண்ணமும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கடலுக்குப் போக முடியாது என்பதால் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறீர்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் தருகிறீர்கள். காசநோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, சாப்பிடவும் வேண்டும் என்று மாதாமாதம் பணம் போகிறது. வேலைக்குப் போக முடியாத காலம் என்று ஒன்று உண்டு, அப்போதும் அடுப்பு எரிய வேண்டும் என்று ஒப்புக்கொண்டுதானே இதெல்லாம் வந்தது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிசியோவுக்குப் போகும் நாளுக்கு ஒரு கூலி, பஸ் ஆட்டோ செலவு, சான்றுக்குக் காத்திருக்காமல் டிஸ்சார்ஜ் சீட்டை வைத்தே முதல் ஆறு மாதத்துக்கு என்று தொடங்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகையை 2023-இல் 1,500-இலிருந்து 2,000 ஆக்கினீர்கள், அது பெரிய விஷயம், எங்கள் மையத்துக்கு வரும் எத்தனையோ வீடுகள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அது வந்து சேரும்போது பிள்ளையின் பாதம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது.

மூன்றாவது, சிகிச்சையைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, பக்கவாதத்தில் படுத்த எங்கள் தெருத் தாத்தா ஒருவருக்கு வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுத்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, தொண்டையை அடைத்தது. அதே வழியில் குழந்தைகளுக்குப் பழகிய சிகிச்சையாளர், பேச்சும் விழுங்குவதும் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், வட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். தம்பிக்குப் பேச்சு திரும்ப மூன்று வருஷம் ஆயிற்று. முதலில் வந்த வார்த்தை 'போதும்', அம்மா கஞ்சி ஊட்டும்போது. அம்மா ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு, "எய்யா, இன்னொரு தடவ சொல்லு" என்று கெஞ்சினாள். அவன் சொல்லவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மறுநாள் சொன்னான்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்களுக்குக் குறை இல்லை. அவன் தலைமை ஆசிரியை அந்த இரண்டு வருஷமும் பெயரை நீக்கவே இல்லை. பாதப் பயிற்சிக்காகப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவனை, கூடப் படிக்கும் பையன்கள் எண்ணிக்கொண்டே கூட ஏறுவார்கள். இப்போது அவனுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பு. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான், பேச்சு மெதுவாக வரும், வலிப்பு மாத்திரை இன்னும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம் என்று எனக்குத் தெரியும், விண்ணப்பத்தை நானே தயாராக வைத்திருக்கிறேன். அக்கா இ-சேவை மையத்தில் இருப்பதால் அவனுக்கு இது கிடைக்கிறது.

அந்த மஞ்சள் பை அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? அன்று அவர் கேட்டு வந்தது அட்டைக்கு விண்ணப்பம் மட்டும்தான், போட்டுக்கொடுத்தேன். அப்புறம் வட்டார வள மையத்துக்குப் போன் செய்து எந்தக் கிழமை பிசியோ என்று விசாரித்து, ஆய்க்குடிக்கு எந்த பஸ் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பாதத்தை எப்படிப் பிடித்து மெதுவாக மேலே தள்ள வேண்டும் என்று டாக்டர் எங்களுக்குக் காட்டியதை, இது தற்காலிகம்தான், டாக்டரிடம் காட்டாமல் அழுத்திச் செய்யாதீர்கள் என்று சொல்லி, அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்துக் காட்டினேன். பாப்பா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் சத்தம் போடவில்லை.

அந்த ஒரு மணி நேரம்தான் நான் உங்களிடம் கேட்கும் வேலை. எட்டு மாதம் முன்னால், ஆஸ்பத்திரியிலேயே, அதற்கென்று படித்துச் சம்பளம் வாங்கும் ஒருவர் செய்திருக்க வேண்டிய வேலை. அடுத்த பட்ஜெட்டில் ஒரு மாவட்டத்திலாவது தொடங்குங்கள். தென்காசியில் தொடங்கினால் எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பிள்ளை இருக்கிறது என்று நானும் என்னைப் போல மையங்களில் இருப்பவர்களும் காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
தென்காசி மாவட்டம்